காற்று எந்தப் பக்கம்?

சந்திரூர் இறால் கம்பெனியில் வேன் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு ரோசிலி சேச்சியைத் தெரியும். எழுபுன்னைத் திருப்பத்தில் ஏறுவார். ஏறும்போதே பேச்சு தொடங்கிவிடும். கம்பெனி வாசலில் இறங்கும்போதும் சில நாள் முடிந்திருக்காது. இறால் உரிக்கும் மேசையில் அவர் கைக்கு ஈடு கிடையாது என்பார்கள் மற்ற பெண்கள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துக் கிடக்கும். கணவர் பீட்டர் காயலில் வலை போடுகிறவர். "வீட்லயும் மீன், வேலையிலயும் மீன். நான் செத்தா பூனைதான் முதல்ல வந்து மோந்து பார்க்கும்" என்பார் சேச்சி.

கம்பெனியில் வருஷத்துக்கொரு தடவை பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக நடப்பது. எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, எர்ணாகுளத்திலிருந்து வந்த ஒருவர் சுவரில் படம் ஓட்டிப் பேசுவார். பிறகு சாயாவும், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் வரும். ஒரு போட்டோ எடுப்பார்கள். அத்தோடு சரி.

ஒருமுறை திரும்பும் வழியில் கேட்டேன்: "என்ன சேச்சி சொல்லிக்குடுத்தாங்க?"

"பழம்பொரி நல்லா இருந்துச்சு."

"அது இல்ல, பாடம்?"

"படத்துல மஞ்சத் தொப்பி போட்ட ஒருத்தன் ஓடினான். எங்கேருந்து எங்க ஓடினான்னு தெரியல. அதுக்குள்ள பழம்பொரி வந்துருச்சு."

வேன் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

இறாலை உறைய வைக்கும் இயந்திரங்களில் அமோனியா ஓடுகிறது. அந்த இயந்திர அறை வளாகத்தின் நடுவில் இருக்கிறது, அதற்கு வடக்கே உரிப்புக் கூடம். கிழக்கே சாலைப் பக்கம் பெரிய கேட். மேற்கே காயல் ஓரத்தில் படகுத்துறை. இயந்திர அறையைத் தாண்டும்போதெல்லாம் லேசாக மூத்திர வாடை வரும். வருஷக்கணக்கில் மோந்து பழகியதால் அது யாருக்கும் உறைப்பதில்லை.

மழைக்காலம் பிடித்துக்கொண்ட சமயம் ஒரு மத்தியானம் அங்கே குழாய் ஒன்று பிளந்துகொண்டது. வெள்ளைப் பனி மாதிரி ஒன்று தரையோடு பரவி வந்ததைக் கேட்டுக்கு வெளியே வேனிலிருந்து பார்த்தேன். உரிப்புக் கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் தினமும் வருகிற வழியைப் பார்த்து, பெரிய கேட்டைப் பார்த்து ஓடிவந்தார்கள். மேற்கே காயலிலிருந்து அடித்த காற்று வாயுவையும் அதே பக்கம்தான் தள்ளிக்கொண்டு வந்தது. அவர்கள் ஓட ஓட அதுவும் கூடவே வந்தது. எதிர்ப்பக்கம் துறைக்குப் போயிருந்தால் நல்ல காற்று. ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்குத் தோன்றும்?

ஷட்டர் ஓரத்தில் அம்மிணி சேச்சி விழுந்துவிட்டார். ரோசிலி சேச்சிக்குப் பக்கத்து மேசைக்காரர், வயதானவர். ரோசிலி சேச்சி திரும்பிப்போய் அவரைத் தூக்கப் பார்த்ததில்தான் முகத்தில் நேராக அடித்துவிட்டது. இருவரையும் என் வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். போகிற வழியெல்லாம் ரோசிலி சேச்சி கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார். கசக்கக் கூடாது, தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. குடிக்க வைத்திருந்த பாட்டில் என் காலடியிலேயே கிடந்தது.

அம்மிணி சேச்சி பிழைத்துக்கொண்டார். ஆனால் நுரையீரல் போய்விட்டது. நாலடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வேலைக்குத் திரும்பவில்லை. ரோசிலி சேச்சிக்கு இடது கண்ணில் மூட்டம் படிந்து அப்படியே நின்றுவிட்டது.

சில வாரம் கழித்து வேனில் ஏறியவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு வண்டி ஓட்டவே பிடிக்கவில்லை.

"ஏதாவது பேசுங்க சேச்சி."

"அன்னிக்கு பழம்பொரிக்கு முன்னாடி என்ன சொன்னாங்கன்னு யோசிச்சுப் பார்க்கிறேன், சஜீவா. ஒண்ணும் வரமாட்டேங்குது."

அந்தச் சமயம்தான் கம்பெனி நௌஷாதை வேலைக்கு எடுத்தது. தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். பாதுகாப்பு அதிகாரி என்று பெயர். அவரும் முதலில் கூடத்தில் உட்காரவைத்துத்தான் பேசினார். பேச்சு முடிந்ததும் சேச்சி எழுந்தார்.

"சார், நீங்க சொன்னதெல்லாம் சரி. ஆனா உட்கார்ந்து கேட்டதை உட்கார்ந்துதான் ஞாபகம் வெச்சுக்க முடியும். ஓடும்போது வராது."

மேனேஜர் பிரதாபன் சார் அவரை அதட்டி உட்காரச் சொன்னார். நௌஷாத் தடுத்தார். "இல்ல, அவங்க சொல்லட்டும். பெரியம்மா, அன்னிக்கு என்ன ஆச்சுன்னு முதல்லேருந்து சொல்லுங்க."

"பெரியம்மாவா? உங்க தலையில இருக்கிற நரையை எண்ணிட்டு அப்புறம் கூப்பிடுங்க" என்றார் சேச்சி. அதற்குப் பிறகு அவர்களுக்குள் நன்றாக ஒத்துப்போயிற்று.

சேச்சி நடந்ததைச் சொன்னார். கேட்டவர்களெல்லாம், "அப்போ இனிமே பெரிய கேட் வேணாம், துறைப் பக்கம் போயிடணும்" என்று முடிவு கட்டினார்கள். சேச்சியும் அப்படித்தான் நினைத்திருந்தார். நௌஷாத் இல்லை என்று தலையை ஆட்டினார். "வாசலை மனப்பாடம் பண்ணாதீங்க. மழைக்காலத்துல காத்து காயல்லேருந்து வரும். தனு, மகர மாசத்துப் பனிக்காலத்துல காலையில கிழக்கேருந்து வரும். அன்னிக்குத் துறைப் பக்கம் ஓடினா செத்தீங்க. முதல்ல காத்தைப் பாருங்க, அப்புறம் காலை எடுங்க."

சேச்சி அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார். ஆனால் உரிப்புக் கூடத்துக்குள் நிற்கிறவளுக்குக் காற்று எப்படித் தெரியும்? ஜன்னல் கண்ணாடியெல்லாம் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தது. ஒரு கண்ணாடியைக் கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்தார். அதன் வழியே தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. தொட்டி மேல் ஒரு மூங்கிலைக் கட்டி அதில் தன்னுடைய பழைய ஊதா நைட்டியை மாட்டினார். காற்றடித்தால் உள்ளே ஆள் இருப்பது போல உப்பிக்கொண்டு பறக்கும்.

பிரதாபன் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "இது எக்ஸ்போர்ட் கம்பெனியா, துணி காயப்போடற இடமா?"

"வேற நல்லது ஒண்ணு வாங்கிக் குடுங்க சார், கழட்டிடறேன். எனக்கும் அதை ஊரே பார்க்கிறது கூச்சமாத்தான் இருக்கு."

அடுத்த முறை சோதனைக்கு வந்த வெளிநாட்டு அம்மாள் அண்ணாந்து பார்த்துவிட்டு அது என்ன என்று கேட்டார். நௌஷாத் விளக்கினார். அந்த அம்மாள் சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு சீக்கிரமே காற்றின் திசை காட்டும் முறையான காற்றுப்பை ஒன்று வந்து சேர்ந்தது, ஆரஞ்சு நிறத்தில். நைட்டி இறங்கியது.

அதற்கு மேல் மாதாமாதம் ஒத்திகை. நௌஷாத் விசில் ஊதுவார். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, தலைத்தொப்பியைக் கழற்றித் தண்ணீரில் நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு, காற்றுப்பையைப் பார்த்து, எதிர்க்காற்றில் நடக்க வேண்டும். வெளியே போனதும் மேசைவாரியாக வரிசை. மேசைக்கு ஒருத்தி ஆள் சரிபார்க்க வேண்டும். ஆள் குறைந்தால் யாரும் உள்ளே திரும்பக் கூடாது; முகமூடியும் காற்று உருளையும் மாட்டப் பழகிய இயந்திர அறை ஆட்கள் மட்டும்தான் போகலாம். அதைச் சொல்லும்போது சேச்சியின் குரல் மாறிவிடும். அவர் திரும்பிப் போனவர் அல்லவா.

அதற்குள் மேசையில் பாதிக்கு மேல் ஒடிசாவிலிருந்து வந்த பெண்பிள்ளைகளாக ஆகிவிட்டார்கள். கம்பெனி விடுதியிலேயே தங்கி வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு மலையாளம் வராது. சேச்சிக்கு வேறெதுவும் வராது. அவர்களிடமிருந்து இரண்டு வார்த்தை மட்டும் வாங்கிக்கொண்டார்: காற்றுக்கு ஹவா, தண்ணீருக்குப் பாணி. விசில் சத்தம் கேட்டதும் கை இரண்டையும் விரித்து, "ஹவா எங்கே மோளே? ஹவா எங்கே?" என்று, மகளைக் கூப்பிடுகிற மாதிரி, கத்துவார். அந்தப் பெண்களில் பாசந்தி என்று ஒருத்தி பெரிய போக்கிரி. விடுதியில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, "ஹவா எங்கே மோளே" என்று சேச்சி மாதிரியே நடித்துக் காட்டுவாளாம். சேச்சி காதுக்கும் எட்டியது.

"நடிக்கட்டும். என் மூஞ்சி மறந்தாலும் அது மறக்காது" என்றார்.

ஒத்திகை நாளில் பிரதாபன் சார் மட்டும் வரிசையில் நிற்க மாட்டார். கைபேசியைப் பார்த்தபடி ஓரமாக நின்று, "எவ்ளோ நேரம் வேலை நிக்குது பாருங்க" என்று முனகுவார். அவரை வரிசைக்குக் கூப்பிட யாருக்கும் தைரியமில்லை. உண்மையைச் சொன்னால், அவர் இல்லாமல் இருப்பதே எல்லோருக்கும் வசதியாக இருந்தது. சேச்சிக்கும்தான்.

மகர மாதத்தில் சேச்சியும் பீட்டரும் வேளாங்கண்ணிக்குப் போனார்கள். கண்ணுக்காக நேர்ந்துகொண்டது.

அவர்கள் போயிருந்தபோது, காலை ஷிப்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், மறுபடியும் அந்த வெள்ளைப் பனி கிளம்பியது. பெண்களை இறக்கிவிட்டு நான் கேட்டுக்கு வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அபாய மணி அடித்தது. பழைய ஞாபகத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. "ஹவா எங்கே மோளே? ஹவா எங்கே?" சேச்சியின் குரலேதான். ஒரு நிமிஷம் அவர் வேளாங்கண்ணியில் இருப்பதே மறந்துபோயிற்று.

கத்தியது பாசந்தி. சேச்சி சுரண்டிய கண்ணாடி வழியே பார்த்திருக்கிறாள். காற்றுப்பை காயல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதாவது காற்று கிழக்கிலிருந்து. பெரிய கேட்டுக்குத்தான் போக வேண்டும். முன்பு விபத்தைப் பார்த்திருந்த இரண்டு மூன்று பெண்கள் பயந்து துறைப் பக்கம் திரும்பினார்களாம். பாசந்தி அவர்கள் மேலங்கியைப் பிடித்து இழுத்திருக்கிறாள். ஈரத் தொப்பியை மூக்கில் அழுத்திக்கொண்டு எல்லாரும் கேட்டைத் தாண்டி வந்தார்கள். சிலர் இருமினார்கள், ஒருத்தி அழுதாள், ஒருத்திக்கு பூட்ஸ் காணோம். ஆனால் நடந்து வந்தார்கள். சாலையோரம் மேசைவாரியாக நின்றார்கள். எல்லா மேசையும் சரி என்று வந்ததும் ஓவென்று ஒரு கூச்சல்.

நௌஷாத் கூச்சலில் சேரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். "பிரதாபன் சார் எங்கே?"

யாருக்கும் தெரியவில்லை. எந்த மேசைக் கணக்கிலும் அவர் இல்லை. பாசந்திதான் சொன்னாள், பாதி சைகையில்: ஆபீஸிலிருந்து வந்து துறைப் பக்கம் ஓடினார்.

பழைய விபத்தில் பெரிய கேட்டில் நடந்தது மட்டும் அவர் மனதில் நின்றிருக்கிறது. நேராக வாயு போகிற வழியிலேயே போயிருக்கிறார். இயந்திர அறை ஆட்கள் இருவர் முகமூடியும் உருளையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருவர் வால்வை அடைத்தார். மற்றவர் துறைப் படிக்கட்டில் குப்புறக் கிடந்த பிரதாபன் சாரைச் சுமந்துகொண்டு வந்தார். இந்த முறை எனக்குத் தெரிந்திருந்தது. வேனில் ஏற்றுமுன்பே அவர் கண்ணில் தண்ணீர் விடத் தொடங்கிய பெண்கள் ஆஸ்பத்திரி வரைக்கும் கேனிலிருந்து விட்டுக்கொண்டே வந்தார்கள். என் சீட்டெல்லாம் நனைந்து சொதசொதவென்று ஆகிவிட்டது. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர். நெஞ்சுதான் சரியாக நாளாகும்.

சாயங்காலம் சேச்சிக்கு போன் செய்தேன். முதலில் எல்லோர் பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். பெண்கள் எல்லாரும் நலம், பிரதாபன் சாரும் பிழைத்துவிட்டார் என்று தெரிந்த பிறகு "சரி" என்று மட்டும் சொன்னார்.

"என்ன சேச்சி, சந்தோஷம் இல்லையா?"

"சந்தோஷம்தான். நான் இல்லாமயே எல்லாம் நடந்துருச்சேன்னு ஒரு மாதிரியாவும் இருக்கு. பொய் எதுக்குச் சொல்லணும்?" பிறகு, "அந்த மனுஷன் எப்படி மாட்டினான்?" என்றார். சொன்னேன். "வரிசையில யாரும் அவரைச் சேர்க்கலையா?"

"அவருதான் நிக்க மாட்டாரே சேச்சி."

"நான்தான் நிக்கச் சொல்லியிருக்கணும். தொல்லை விட்டுச்சுன்னு இருந்துட்டேன்."

ஊருக்குத் திரும்பியதும் மொட்டைத் தலையோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். பிரதாபன் சார் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தார். சேச்சியைப் பார்த்து எழுந்து உட்காரப் பார்த்தார்.

"படுங்க சார். நல்லா ஆகி வாங்க. அடுத்த ஒத்திகையில என் மேசை வரிசையில நிக்கிறீங்க. உயரமா இருக்கீங்க, கடைசியில."

அவர் தலையை அசைத்தார்.

நின்றார். அடுத்த ஒத்திகையில் ஈரத் தொப்பியை மூக்கில் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில், இருமிக்கொண்டே. பார்க்கச் சிரிப்பாக வந்தது, யாரும் சிரிக்கவில்லை. ஆபீஸ்காரர்கள், காவலாளி, சமையல்காரி எல்லாரையும் ஏதாவது ஒரு மேசைக் கணக்கில் சேர்த்துவிட்டார் சேச்சி. எனக்கு நாலாவது மேசை. "நான் கேட்டுக்கு வெளியில நிக்கிறவன், எனக்கெதுக்கு?" என்று கேட்டுப் பார்த்தேன். "காத்து கேட்டைப் பார்த்து நிக்குமா?" என்று கேட்டார். போய் நின்றேன்.

முதலாளி கூப்பிட்டு, இனி இறால் உரிக்க வேண்டாம், பயிற்சி வேலையை மட்டும் நௌஷாதோடு சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சேச்சி பாதி நாளுக்குத்தான் சம்மதித்தார். மேசையை விட்டு எழுந்து போய்விட்டால் இந்தப் பிள்ளைகள் தன்னையும் எர்ணாகுளத்திலிருந்து வருகிறவர் மாதிரித்தான் பார்ப்பார்கள் என்றார். இப்போதும் காலையில் இறால் உரிக்கிறார். மூட்டம் விழுந்த கண்ணால் குடல் நரம்பு சரியாகத் தெரிவதில்லை. அதனால் பழைய வேகம் இல்லை. பக்கத்து மேசையில் பாசந்தி அவரைவிட வேகமாக உரிக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லியே அவரை வம்புக்கு இழுக்கிறாள். அதற்குச் சேச்சி மலையாளத்தில் திட்டுகிற திட்டெல்லாம் அவளுக்கு இப்போது நன்றாகப் புரிகிறது.