காலித் தொட்டியில் இருந்த தீ

பாளையங்கோட்டையில் ஆசிரியனாக இருக்கிறேன். சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, வீட்டு முற்றத்திலேயே செப்பனிட்டேன். துருவைத் தேய்த்து வர்ணம் அடித்தேன். மனைவி எஸ்தர் உட்காரப் பின்னால் பிரம்பு இருக்கையும் கட்டினேன். பெட்ரோல் தொட்டியின் ஒழுக்கு மட்டும் நிற்கவில்லை.

தெருவில் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வந்த மீரான் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் தொட்டியை முகர்ந்தார்.

“வாடை போவலையே, சார்வாள். ரெண்டு நாள் கெடக்கட்டும்.”

“எல்லாம் கீழ ஊத்தியாச்சு, அண்ணாச்சி. எத்தனை மண்ணெண்ணெய்த் தகரத்துக்கு ஒட்டுப் போட்டிருக்கிய. இதுவும் அப்படித்தான்.”

ஞாயிறு ஆராதனைக்கு அந்த வண்டியில் போய் இறங்க வேண்டுமென்ற அவசரம் எனக்கு.

அவர் அரைமனதாக ஈயம் உருக்கும் சூட்டுக்கோலைக் காய்ச்சினார். எஸ்தர் தொட்டியின் வாய்க்கு நேரெதிரே சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்கன நிக்காதீங்கம்மா, இங்கன வாங்க,” என்றார் அவர். அவள் நகர்ந்தாள்.

சூட்டுக்கோல் ஒழுக்கைத் தொட்டதும் படாரென்று சத்தம். தொட்டி வாயிலிருந்து பாய்ந்த தீ சுவரில் மோதிக் கரியாகப் படிந்தது. அண்ணாச்சியின் புருவம் பொசுங்கியது.

பெட்ரோலைக் கொட்டினாலும் அதன் ஆவி உள்ளேயே தங்கும் என்பது அன்றுதான் புரிந்தது. இப்போதெல்லாம் தொட்டி ஒழுகினால், சுடுதண்ணீரில் பலமுறை கழுவி, ஒட்டும் இடம்வரை தண்ணீர் நிரப்பிய பிறகே தொட்டியை நெருப்பருகே கொண்டுபோகிறேன். அண்ணாச்சி வேண்டாமென்றால் அன்று வேலை இல்லை.

சுவரை வெள்ளையடிக்க மட்டும் நான் விடவில்லை. அந்தக் கரி சரியாக எஸ்தரின் முக உயரத்தில் இருக்கிறது.