சோடா விளம்பரம் காட்டிய குற்றம்

இன்னிக்கு பாம்பூஃப்ளாட் தீவுக்கரைக்குப் போற ஃபெர்ரிப் படகுல, என் ஒன்பதாம் கிளாஸ் மாணவி ஒருத்தியோட அப்பா என்னைப் பிடிச்சுக்கிட்டார்.

"க்யா மேடம், பசங்களுக்கு பிராந்தி விளம்பரம் போட்டுக் காட்டுறீங்களாமே?"

ஃபெர்ரியே திரும்பிப் பார்த்துச்சு.

"நான் காட்டினது சோடா விளம்பரம் சார். கிரிக்கெட் நடுவுல உங்க வீட்டு டிவியிலயும் வருது. அதுல பிராந்தின்னு ஒரு வார்த்தை கிடையாது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"அது பிராந்தி கம்பெனி பேராச்சே, பார்த்தாலே தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியுது. பதினாலு வயசுப் பிள்ளை சோடான்னுதான் பார்க்குது, பேர் மனசுல ஒட்டிக்குது. அதைத்தான் பாடமா நடத்துறேன். நாளைக்கும் நடத்துவேன்."

"பிரின்சிபல்கிட்ட எழுதிக் கொடுக்கிறேன்"னு சொல்லிட்டு இறங்கிப் போனார்.

தாராளமா எழுதட்டும். ஆனா சோடா விளம்பரம் காட்டினேன்னு எழுதுவாரா, பிராந்தி விளம்பரம் காட்டினேன்னு எழுதுவாரா? நீங்களே சொல்லுங்க.