விலாவால் பிழைத்தவன்

சிலர் கையால் பிழைக்கிறார்கள், சிலர் நாக்கால். நான் விலாவால் பிழைத்தேன். அதுவும் இடது விலா. வலது பக்கம் அவ்வளவு விசேஷமில்லை.

சின்ன வயசிலேயே எனக்கு இக்கிளி அதிகம். வடக்கே இதைக் கிச்சுகிச்சு என்பார்கள். மற்றவர்களுக்குக் கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பார்கள், அதோடு முடிந்தது. என் சங்கதி வேறு. பின்னாலிருந்து யாராவது இடுப்புக்கு மேலே ஒரு விரலை வைத்தால் போதும், இரண்டடி துள்ளி, கையிலிருப்பதை வீசியெறிந்து, "எடு சவத்தை!" என்று அலறி, பக்கத்தில் நிற்பவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிடுவேன். எங்களூர்க் கோயில் தர்மகர்த்தா ஒரு தடவை வாங்கியிருக்கிறார். நிலம் அளக்க வந்த சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒரு தடவை. அடி வாங்கினவரைத் தவிர எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு வேறு வழியில்லாமல் அவரும் சிரிப்பார்.

பண்ணையில் எனக்கு வேலை கிடைத்தது இந்தத் தகுதியில்தான். பெயருக்குக் களத்து மேற்பார்வை. நெல்லைப் பார்த்தால் நெல் என்று சொல்வேன், அதற்குமேல் தெரியாது. உண்மையான வேலை, விருந்தாளி வரும்போது வெற்றிலைத் தட்டத்தோடு பண்ணையாருக்கு முதுகைக் காட்டி நிற்பது. அவரிடம் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி ஒன்று உண்டு. பேச்சு கொஞ்சம் சப்பென்று போனால் அந்தத் தடி மெல்ல என் விலாவுக்கு வரும். தட்டம் பறக்கும். விருந்தாளி வயிற்றைப் பிடித்துக்கொள்வார். பண்ணையாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். "பாத்தேரா வே, எப்படி ஒரு சாதனம் வச்சிருக்கேன் பாத்தேரா" என்பார். அவரிடம் இரட்டை மாட்டு வில்வண்டி இருந்தது, பாடுகிற பெட்டி இருந்தது, நானும் இருந்தேன்.

இருபத்தைந்து வயசில் எனக்கு இக்கிளி செத்துப்போயிற்று.

கும்பப்பூ நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. தடி விலாவில் பட்டது, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாரோ மரத்தூணைத் தொட்டது மாதிரி. அரை நொடி பயந்து, பிறகு துள்ளினேன். கொஞ்சம் பிந்திவிட்டது, ஆனால் யாரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து நடிப்புதான். உண்மையான இக்கிளி இருந்தபோது துள்ளியதைவிட நன்றாகத் துள்ளினேன் என்றே சொல்வேன். தொழில் என்று வந்துவிட்டால் அக்கறை வேண்டாமா?

விஷயம் தெரிந்தது என் தங்கச்சிக்கு மட்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் பின்னால் வந்து விலாவில் குத்தினாள். நான் ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, துள்ளல்லியே?"

"இங்க எதுக்குட்டி துள்ளணும்? இங்க யாரு சம்பளம் தாறா?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்போ அங்க துள்ளுறது எல்லாம் வேணும்னா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் பண்ணை வீட்டுப் பேச்சை அவள் எடுப்பதே இல்லை.

அவளுக்குக் குழித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் மாமா பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். எங்கள் வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் முற்றத்தில் நிற்கவேண்டும். பண்ணையார், "என் வீட்டுக்கே வரச் சொல்லுலே. கல்யாணப் பந்தலும் இங்கதான், சாப்பாட்டு அரிசியும் என் பத்தாயத்திலதான்" என்றார். அந்தப் பந்தலும் அரிசியும் இல்லாமல் எங்களால் பத்து இலை போடமுடியாது.

முந்தின நாள் அவர் முன்னால் போய் நின்றேன். "ஐயா, நாளைக்கு மட்டும் அந்தத் தடி…"

"சீ, போலே! எனக்கு விவரம் கிடையாதா? உன் தங்கச்சி எனக்கும் தங்கச்சிதான்."

தங்கச்சியிடம் வந்து சொன்னேன். "அப்படியே அவரு குத்தினாலும் நீ துள்ளப்பிடாது. அவுங்க முன்னால நீ கோமாளி ஆகப்பிடாது" என்றாள். துள்ளமாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னேன்.

வந்த மாமாவுக்குப் பாக்கு வியாபாரம். பச்சைப் பாக்கைக் கடித்துத் துப்பமுடியாமல் நிற்கிறவர் மாதிரி ஒரு முகம். பண்ணையார் வண்டியைக் காட்டினார், பாட்டுப் பெட்டியைக் காட்டினார். மனுஷர் "ம்" என்றார். தன் வீட்டில் ஒரு விருந்தாளி சிரிக்காமல் உட்கார்ந்திருப்பது பண்ணையாருக்குப் பொறுக்கவில்லை. அவர் கை தடியைத் தேடியது. அந்தக் கையை எனக்குத் தெரியாதா?

தடி பட்டது. நான் அசையவில்லை.

இரண்டாவது தடவை வலிக்கிற மாதிரி குத்தினார். அசையவில்லை. கதவுக்குப் பின்னால் தங்கச்சியின் வளையல் சத்தம் நின்றது.

"எதுக்காக்கும் அந்த ஆளெக் குத்துதது?" என்று மாமா கேட்டார்.

"இவனுக்கு இக்கிளி உண்டு. தொட்டா துள்ளுவான்."

"துள்ளல்லியே."

பண்ணையார் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் பந்தல் இல்லை, அரிசி இல்லை. மூன்றாவது குத்துக்குத் துள்ளினேன். வாழ்க்கையில் அப்படி ஒரு துள்ளல் துள்ளியதில்லை. வெற்றிலைத் தட்டம் வாசல்படி தாண்டிப் போயிற்று. "எடு சவத்தை!" என்று கத்தி மாமா முதுகில் படாரென்று ஒன்று வைத்தேன்.

பிறகு அந்தப் பாக்கு முகம் உடைந்தது. மனுஷர் சிரிக்கிறார், சிரிக்கிறார், நிறுத்தமுடியவில்லை. "அம்மோ! இது கொள்ளாமே! ஒருக்கா கூடச் செய்யும், பாப்போம்" என்றார். கொள்ளாம் என்றால் அவர்கள் பேச்சில் நன்றாயிருக்கிறது. இன்னும் இரண்டு தடவை செய்தோம். போகும்போது, "இப்படி ஒரு சம்பந்தம் எங்க கிட்டும்!" என்று நாளும் குறித்துவிட்டுப் போனார். பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்றைக்குத் தங்கச்சி என் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டாள். "உனக்காகத்தாண்டி" என்றேன். "ம்" என்றாள். மாமாவின் "ம்" அதைவிடத் தேவலை.

கல்யாணம் பண்ணையார் முற்றத்தில் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. தாலி கட்டி முடித்த கையோடு மாப்பிள்ளை செய்த முதல் காரியம் என் விலாவில் விரலை வைத்ததுதான்.

பொங்கலுக்குப் பொங்கல் அரிசியும் கரும்பும் கட்டிக்கொண்டு குழித்துறைக்குப் பஸ்ஸில் போவேன். நான் இறங்குவதற்கு முன்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். தங்கச்சியின் மாமியார் அகப்பைக் காம்பால் குத்துவாள். மாமா பெரிய மனுஷர், குடைக்கம்பிதான். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் எனக்குத் தண்ணீர் வரும். தங்கச்சி அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, சிரிக்கவேண்டுமே என்று சிரிப்பாள்.

மூன்றாவது பொங்கல். அவளுக்கு வயிற்றில் ஆறு மாசம். தங்கச்சி மாப்பிள்ளை, "அளியா, வந்தியா?" என்று பின்னால் வந்தார். அளியன் என்றால் அந்தப் பக்கம் மச்சான். விரல் என் மேலே படுவதற்குள் அடுக்களை வாசலிலிருந்து தங்கச்சி பேசினாள்.

"விடுங்க. எங்க அண்ணனுக்கு இக்கிளியே கிடையாது. அது போயி பத்து வருசமாச்சு. பண்ணையாருக்குப் பயந்து துள்ளினது. இப்போ உங்களுக்குப் பயந்து துள்ளுது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமியார் அகப்பையைக் கீழே வைத்தாள். "அப்பிடியா அளியா?" என்று கேட்டுக்கொண்டே அளியன் ஒற்றை விரலை என் விலாவில் வைத்தார். மெதுவாக, பரிசோதனை மாதிரி.

நடிப்பு என்று தெரிந்தால் ஏமாற்றிச் சம்பந்தம் செய்தார்கள் என்பார்கள், அவளைத்தான் படுத்துவார்கள், பண்ணையார் காதுக்கும் போகும் என்றெல்லாம் நான் பிற்பாடு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் அதெல்லாம் தோன்றவில்லை. தோன்றியது ஒன்றுதான்: இத்தனை பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

துள்ளினேன். கரும்புக்கட்டு முற்றத்தில் சிதறியது. "எடு சவத்தை!"

இதுவரை நான் வாங்கிய சிரிப்பிலெல்லாம் பெரிய சிரிப்பு அது. ஆனால் என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அடுக்களை வாசலைப் பார்த்துச் சிரித்தார்கள். தங்கச்சி கீழே கிடந்த அகப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் என்னோடு பேசாமல் இல்லை. வந்தியா, சாப்பிட்டியா என்று கேட்பாள். ஆனால் அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு இப்போது ஒரு பதில் வைத்திருக்கிறார்களாம். பால் பொங்குது என்று சொன்னாலும் சரி, பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்குது என்று சொன்னாலும் சரி, "அண்ணனுக்கு இக்கிளி இல்லாத மாதிரியா?" என்று கேட்டுவிட்டு, வீடே சிரிக்குமாம். இதை என்னிடம் சொன்னது அளியன்தான், சிரிப்பை அடக்கமாட்டாமல்.

நானும் சிரித்தேன்.