பட்டறை எனக்குப் போட்ட மார்க்

அந்த யோசனை வந்தபோது நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பு. வேலை பார்ப்பவர்களுக்கான எம்.பி.ஏ. என்பதால் சனிக்கிழமை மாலையும் ஞாயிறு முழுவதும் பாடம் நடக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நூல் மில் சூப்பர்வைசர், "அம்மணி, குறட்டை உட்டா அட்டெண்டன்ஸ் கெடையாதுங்க" என்று முழங்கையால் இடித்தார். நிமிர்ந்து பார்த்தேன். திரையில் ஒரு கேள்வித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை கட்டங்கள்; மோசம் என்றால் ஒன்று, பிரமாதம் என்றால் ஐந்து. மனதில் இருப்பதை இப்படி எண்ணாக்கிவிடலாம் என்றார் ஆசிரியர்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது.

நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியின் வார்ப்படப் பட்டறையில் ஆட்கள் நிலைப்பதே இல்லை. சேர்ந்து ஆறு மாதத்தில் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார்கள். காரணம் கேட்டால் ஊரில் நோம்பி, கோயில் திருவிழா என்பார்கள். நோம்பி முடிந்தும் வரமாட்டார்கள். ஏன் போகிறார்கள் என்பதையே என் ப்ராஜெக்ட் ஆக்கினால் என்ன? அன்று கிணத்துக்கடவு பஸ்ஸில் நின்றுகொண்டே இருபது கேள்விகள் எழுதிவிட்டேன்.

அந்த ப்ராஜெக்டை ஏற்றுக்கொண்டால்தான் பட்டம். இல்லாவிட்டால் இன்னொரு வருடம் இதே ஞாயிற்றுக்கிழமைகள். இரண்டு வருடமாக எனக்கு விடுமுறை என்று ஒரு நாள் கிடையாது. ஆறு நாள் ஆபீஸ், ஏழாவது நாள் வகுப்பு. சனிக்கிழமை வகுப்பு நான்கு மணிக்கு. கம்பெனி விடுவது ஆறுக்கு. போய்ச் சேரும்போது முதல் பாடம் முடிந்து, கரும்பலகையையும் அழித்திருப்பார்கள். இன்னொரு வருடம் என்று நினைத்தாலே கால் வலித்தது.

கேள்விகளை டைப் அடித்து, ஜெராக்ஸ் எடுத்து, இரண்டு வாரம் டீ நேரத்தில் பட்டறைக்குள் சுற்றினேன். கண்ணாடி கொண்டுவராதவர்களுக்கு நானே வாசித்துக் காட்டினேன். உலைச் சூடு தாங்கும்படி இருக்கிறதா, குடிதண்ணீர் எப்படி, மேஸ்திரி எப்படி, கேன்டீன் சாப்பாடு எப்படி. எல்லோரும் மரியாதையாகக் கையைத் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார்கள்.

தாள்களைக் கூட்டிப் பார்த்தால் எல்லாம் ஐந்து. சூடு ஐந்து, தண்ணீர் ஐந்து, மேஸ்திரியும் ஐந்து. கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் யோசிக்கத் தெம்பில்லை. வண்ணப் பேனாவில் வரைபடம் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து கொடுத்துவிட்டேன்.

ஆசிரியர் நாலு பக்கம் புரட்டினார். "இவ்வளவு சந்தோஷமான பட்டறைய விட்டுட்டு எதுக்கும்மா ஆளுங்க ஓடறாங்க?"

ரிப்போர்ட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"மூணு வாரம் தர்றேன். அப்பவும் இப்படியே வந்தா, அடுத்த வருஷ பேட்ச்சோட உக்காருங்க."

மறுநாள் நேராகப் பட்டறைக்குப் போனேன். மணலில் அச்சு எடுக்கும் மோல்டர் ஒருவர் உண்டு. கருப்பு மணல் ஒட்டாத இடம் அவர் கண் மட்டும்தான்.

"ஏனுங்கண்ணா, தண்ணிக்கு எதுக்குங்க அஞ்சு போட்டீங்க? நீங்களே ஊட்டுலிருந்து தண்ணி கொண்டாறீங்க."

"அது வேறங்க அம்மணி," என்றார். "மார்க்கு உங்களுக்குத்தானுங்களே? ஞாயித்துக்கெழமையும் ஓடியோடிப் படிக்கறீங்க. நாங்க ரண்டு, மூணுன்னு போட்டு நீங்க பெயிலாயிட்டா நல்லாருக்குங்களா?"

பின்னாலிருந்து மேஸ்திரி சொன்னார்: "ஒருத்தன் நாலு போட்டுப்போட்டானுங்க. நாந்தேன் வெய்து மாத்த வெச்சேன். பொம்பளப் புள்ள கஷ்டப்பட்டுப் படிக்குது, ஒரு மார்க்குல என்னடா கஞ்சத்தனம்னு."

கோபம் வரவில்லை. அங்கிருந்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பட்டறையே சேர்ந்து என்னைப் பாஸ் பண்ண வைத்திருக்கிறது; அதனாலேயே நான் பெயிலாகப் போகிறேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி சுற்றிப் பார்க்க வந்தார். என்னைக் கண்டதும் நின்றார். "என்ன கண்ணு, மூஞ்சி வாடிக் கெடக்குது? படிப்பும் வேலையும் சேந்து சிரமமா இருக்குதா?"

எழுந்து நின்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லாப் போகுதுங்க."

"அப்பச் சரி" என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

அவர் அந்தப் பக்கம் போனதும், மோல்டர் மணல் சலிப்பதை நிறுத்தாமல், தலையைக்கூடத் தூக்காமல், "அஞ்சு" என்றார்.

மேஸ்திரி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்கும் தெம்பு தேவைப்பட்டது. இரண்டு வருடமாக முதலாளி கேட்கும்போதெல்லாம் இதே பதிலைத்தான் சொல்லிவந்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் கேட்டால் அவர் மறுத்திருப்பாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

இதெல்லாம் நேற்று நடந்தது. இன்னும் மூன்று வாரம்கூட முழுதாக இல்லை. இந்த முறை தாளும் கிடையாது, கட்டமும் கிடையாது. காலையில் கம்பெனி கேட் அருகே நின்று யார் யார் கையில் சாப்பாட்டுத் தூக்குப்போசியும் தண்ணீர் பாட்டிலும் வருகின்றன என்று குறித்துக்கொள்வேன். இரும்பு ஊற்றும்போது யார் எந்தப் பக்கம் ஒதுங்குகிறார்கள், கேன்டீனில் எவ்வளவு சோறு மிஞ்சுகிறது என்று பார்ப்பேன். விட்டுப்போனவர்களை அவர்களின் புதுப் பட்டறை டீக்கடையில் தேடிப் போய்ப் பேசுவேன். அவர்களுக்கு என் மார்க்கைப் பற்றிக் கவலை இருக்காது.

அதற்கு முன்னால், நாளை காலை, முதலாளி அறைக்குப் போகவேண்டும். "சிரமமாத்தானுங்க இருக்குது. சனிக்கெழம மூணரைக்கு உட்டீங்கன்னா வகுப்புக்கு நேரத்துல போயிருவேனுங்க." இதைச் சொல்லிவிட்டு, "முடியாட்டிப் பரவாயில்லீங்க" என்று சேர்க்காமல் வாயை மூடிக்கொள்ளவேண்டும். பஸ்ஸில் நான்கு தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவை சேர்த்துவிட்டேன்.