அரிசி டின்னுக்குள் இருந்த மாத்திரை

பதுளையில் ஒரு பாமசியின் கவுண்டருக்குப் பின்னால் எட்டு வருடமாக நிற்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு வந்து "அந்த மாத்திரை" என்று கேட்பவர்களிடம் எனக்குக் கூச்சமே கிடையாது. இது கருமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடும் மாத்திரை, அவ்வளவுதான். சேர்ந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் போடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. மூன்று நாள் அவகாசம் இருக்கிறதே என்று வைத்துக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒப்பிப்பேன். ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் இதனால் பலனும் இல்லை, பிள்ளைக்குக் கெடுதலும் இல்லை என்பதையும் சொல்லித்தான் அனுப்புவேன்.

என் சொந்த அக்காவுக்கு மட்டும் இதில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அக்கா மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். மூன்று பிள்ளைகள். சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் பதுளைக்குத் தையல் வேலைக்கு வந்துவிடுவது, என் அறைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுப்பது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருந்தோம். கேட்டிருந்த வேலையும் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்து, பாதையில் மண் சரிந்து, மருத்துவமாது வரவில்லை. அவள் மாதாமாதம் கொண்டுவந்து கொடுக்கும் கருத்தடை மாத்திரை அட்டை அக்காவிடம் தீர்ந்துவிட்டது. மச்சான் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை என்று போனில் சொன்னாள்.

பாதை திறந்த ஞாயிற்றுக்கிழமை, ஒற்றை மாத்திரையைப் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அக்காவின் லயத்து வீட்டில் ஓர் அறையும் அடுப்படியும்தான். மாமியார் அடுப்பருகே இருந்தார், மச்சான் கட்டிலில் படுத்திருந்தார். அக்காவின் கையில் அதைத் திணித்தபோது வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. தேவைப்பட்டால் போட்டுக்கொள் என்று மட்டும் முணுமுணுத்தேன். அவள் தலையாட்டிவிட்டு அரிசி டின்னுக்குள் ஒளித்தாள். பிறகு போனிலாவது சொல்லியிருக்கலாம். தெரியாமலா இருப்பாள் என்று விட்டுவிட்டேன். கடையில் வாய் கிழியப் பேசுகிறவளின் லட்சணம் அது.

வேலையில் சேர ஒரு வாரம் இருந்தபோது அக்கா கடைக்கே வந்துவிட்டாள். மற்றவர்களைப் போலவே தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் நின்றாள். முறை வந்ததும், அந்த மாத்திரையில் இன்னொன்று வேண்டும், முதலாவது கேட்கவில்லை என்றாள். எப்போது போட்டாய் என்று கேட்டேன்.

"தள்ளிப் போயி பத்து நாளாச்சு. அப்பறந்தான் போட்டேன். காச்சல் வந்தாத்தானே மாத்திரை? ஒண்ணுமே இல்லாம எப்புடிப் போடுறது?"

தோட்டத்து டிஸ்பென்சரியில் தெர்மாமீட்டரில் சூடு ஏறினால்தான் மாத்திரை கிடைக்கும். ஏறாவிட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குத் திரும்ப வேண்டியதுதான். நோய் வெளியே தெரிந்த பிறகுதான் மருந்து என்று பழகியவர்கள் நாங்கள். நானும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதே வரிசையில் நின்று வளர்ந்தவள்தான். எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

உள்ளே கூட்டிப்போய்ப் பரிசோதித்துப் பார்த்தோம். இரண்டு கோடு. இன்னும் இரண்டு மூன்று சேர்த்துப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது, பிள்ளைக்குக் கெடுதல் வராது என்றேன். பயந்து வருகிறவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லும் அதே வாக்கியம். அக்கா அதைக் கேட்டுச் சுவரில் சாய்ந்தாள். வயிற்றோடு போனால் வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவளுக்காகப் பார்த்துவைத்திருந்த அறையைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

மடுல்சீமை பஸ்ஸுக்கு நேரமானது. நிறுத்தம்வரை கூடப் போனேன்.

"அப்ப, அன்னைக்கே போட்டிருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். எட்டு வருடப் பழக்கத்தில் உண்மை வாயில் வந்துவிட்டது. அநேகமாகத் தங்கியிருக்காது என்றேன்.

அக்கா அழவில்லை. பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வீட்லதானே இருந்துச்சு. தெனமும் அந்த டின்லதானே அரிசி அள்ளுனேன்."