முப்பத்தேழாம் அத்தியாயத்தில் காணாமல் போன காயம்

டிரங்க்கால் அக்காவின் இடுப்பெலும்பு முறிந்ததற்குக் காரணம் ஓர் இளவரசி. அறுபத்தொன்பது வயதில் மற்றவர்கள் குளியலறையில் வழுக்கி விழுவார்கள். அதில் ஒரு நியாயம் உண்டு, குளிக்காமல் இருக்க முடியாது. இவர் ஸ்டூல் மேல் ஏறி, பரணிலிருந்து ஒரு சரித்திர நாவலின் இரண்டாம் பாகத்தை எடுக்கப் போய் விழுந்தார். அதுவும் ஏற்கெனவே பதினெட்டு முறை படித்த இரண்டாம் பாகம். இடுப்பு முறிந்தது, மூக்குக்கண்ணாடி நொறுங்கியது. மார்போடு அணைத்திருந்த புத்தகத்துக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பியதும் அவருடைய தம்பி என்னை அமர்த்தினார். நோயாளிகளைத் தூக்குவது, திருப்பிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது, இவைதான் முப்பத்தொரு வருடமாக என் தொழில். முறையாகப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியவள். அக்கா முதல் நாளே என்னை "நர்ஸம்மா" என்றார். நான் நர்ஸ் இல்லை என்று விளக்கினேன். "சரி நர்ஸம்மா" என்றார்.

தம்பி விஷயத்தை வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"ஆறு வாரம் பாக்கலாம்மா. அதுக்குள்ள அக்கா வாக்கர் புடிச்சு வெளியில போய் வர அளவுக்கு நடந்துட்டாங்கன்னா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா முதியோர் இல்லத்துல இடம் சொல்லி வச்சிருக்கேன். நல்ல இடம்தான். ஒரு கட்டில், ஒரு சின்ன அலமாரி."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சின்னதுன்னா எத்தனை தட்டுடா?"

"ரெண்டு தட்டு, அக்கா."

வீட்டில் நாலு அலமாரி, எல்லாம் உத்தரம் வரைக்கும் புத்தகம்.

முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ஆபரேட்டரிடம் டிரங்க்கால் பதிந்துவிட்டுக் காத்துக் கிடந்த காலம் அது. ஒருவர் குரலை இன்னொருவர் காதுக்கு இணைத்துவிட்டு, "மூணு நிமிஷம் முடிஞ்சுது" என்று சொல்லித் துண்டிப்பது இவர் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் பாசத்தை மூன்று மூன்று நிமிடமாக நறுக்கியவருக்கு, யாரும் துண்டிக்காமல் எழுநூறு பக்கம் காதலிக்கிற மனிதர்கள் பிடித்துப் போனதில் ஆச்சரியமில்லை. கல்யாணம் செய்து கொள்ளவில்லை. மூன்று நாவல்களில் நாலு இளவரசர்கள் இருந்ததால் வீட்டில் இடமும் இருந்திருக்காது.

அந்தப் புத்தகங்கள் கடையில் வாங்கியவை அல்ல. வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தபோது பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கியவை. அக்காவும், அவரோடு பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்த தோழியும் ஒரே பத்திரிகையைப் பங்கு போட்டு வாங்கினார்கள். அதில் இரண்டு சரித்திரத் தொடர்கள் ஒரே வாரத்தில் ஆரம்பித்து ஓடின. கடற்படைத் தளபதி மகன் கதை அக்காவுக்கு, குதிரைப்படை வீரன் கதை தோழிக்கு. ஒவ்வொரு வாரமும் இரண்டு கதையின் தலைப்புப் படத்திலும் இருக்கும் இளவரசியைத் தலைப்போடு வெட்டி அக்கா தன் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிக் கொள்வார். வெட்டின இடத்தில் வார எண்ணைத் தோழி பென்சிலால் எழுதி வைப்பார். ஆக, இரண்டு கதைக்கும் தலை போய்விட்டது. எண் மட்டும் இருந்தது.

அந்தத் தோழி பின்னாளில் சூப்பர்வைசர் ஆனார். இப்போதும் இதே குடியிருப்பில், எதிர் பிளாக்கில், அக்காவைப் போலவே தரைத் தளத்தில்தான் இருக்கிறார். அக்காவின் ஜன்னலைத் திறந்தால் அவர் வீட்டுக் கதவு தெரியும். அதனால் அந்த ஜன்னலை நாற்பத்திரண்டு வருடமாகத் திறப்பதில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. காற்றோட்டம் வேண்டுமென்று சொல்லித் திறந்து வைத்தேன்.

நடைப்பயிற்சி இப்படி நடந்தது.

"எழுந்திரிங்க அக்கா. பத்து அடி."

"இன்னைக்கு வேண்டாம் நர்ஸம்மா. கால் ஒரு மாதிரியா இருக்கு."

"ஒரு மாதிரின்னா எந்த மாதிரி?"

"அதைச் சொல்லத் தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு டெலிபோன்ல குப்பை கொட்டினேன்? நாவல் எழுதியிருப்பேன்."

காலுக்கு ஒன்றும் இல்லை. பயம். ஒரு தடவை விழுந்தவர்களுக்குத் தரை என்பது கடன்காரன் மாதிரி, கண்ணில் படாமல் இருந்தால் போதும். பயத்துக்கு நான் ஆறுதல் சொல்வதில்லை. ஆறுதல் கேட்டு எழுந்து நடந்தவர் யாரையும் இதுவரை பார்த்ததில்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன். நோயாளிக்குக் கண்ணாடி இல்லை, தம்பி "அடுத்த வாரம்" என்று வாராவாரம் சொல்லிக் கொண்டிருந்தார். இரண்டாம் பாகம் தலைமாட்டில் படிக்க ஆளில்லாமல் கிடந்தது.

"பத்து அடி நடந்தா ஒரு அத்தியாயம் படிச்சுக் காட்டறேன்."

"அநியாயம். ஒரு அத்தியாயம் அஞ்சு பக்கம்கூட வராது. அஞ்சு அடி."

"இதென்ன காய்கறிக் கடையா? பத்து."

நடந்தார். முதலில் வாக்கர், அப்புறம் அடிபட்ட கால், அப்புறம் நல்ல கால். நான் படித்தேன்.

அதற்கு முன் இந்த வகை நாவலை நான் தொட்டதில்லை. படித்ததில் சில மருத்துவ உண்மைகள் தெரிய வந்தன. அந்தக் காலத்தில் யாருக்கும் மலச்சிக்கல் கிடையாது. வாலிபர் அனைவருக்கும் வயது இருபத்திரண்டு. வயதானவர்களுக்கு மூட்டுவலி வராது, சதி செய்யத்தான் வரும். அரசர் மூன்று வருடம் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், முதுகில் ஒரு புண் இல்லை. அவரைத் திருப்பிப் போட்டது யார் என்று ஆசிரியர் சொல்லவே இல்லை. இளவரசி புருவத்தை உயர்த்துவதற்கு மட்டும் முக்கால் பக்கம். இருந்தாலும் வேலை வேலைதானே. வாசிப்பில் தடங்கல் வரக் கூடாது என்பதற்காக மட்டும் தினம் இருபது பக்கம் முன்கூட்டியே படித்து வைத்தேன்.

ஐந்தாம் வாரம் அக்கா வாசற்படி வரைக்கும் வந்துவிட்டார். படியைத் தாண்டச் சொன்னால் சிலை. ஆறாம் வாரத்துத் திங்கட்கிழமை டாக்டர் பார்க்க வேண்டும். முந்தின நாள் ஞாயிறு பதினோரு மணிக்கு இல்லத்தின் விண்ணப்பத்தோடு வருவதாகத் தம்பி போன் செய்தார். அத்தியாயத்தைக் காட்டினேன், மிரட்டினேன். படி தாண்டவில்லை.

சனிக்கிழமை காலை முப்பத்தெட்டாம் அத்தியாயம் படித்துக் கொண்டிருந்தேன். தளபதி மகன் படகில் இளவரசியின் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறான். இடது தோளில் அவளுடைய நீலப் பட்டைக் கிழித்துப் போட்ட கட்டு.

நிறுத்தினேன். "அக்கா, இந்தக் கட்டு எப்போ போட்டது?"

"எந்தக் கட்டு?"

"முப்பத்தாறுல இவன் இடது தோள்ல அம்பு வாங்கறான். சரி. முப்பத்தேழுல சுரங்கத்துல ரெண்டு கையாலயும் இரும்புக் கதவைத் தூக்கறான், கயிறு புடிச்சு ஏறறான். ஒரு சொட்டு ரத்தம் இல்ல. முப்பத்தெட்டுல கட்டோட படுத்திருக்கான். நடுவுல கட்டு எங்கேருந்து வந்துது?"

"வீரன் நர்ஸம்மா. வலியெல்லாம் பாக்க மாட்டான்."

"வலியைப் பாக்க வேண்டாம். கட்டுப் போட ஒரு ஆள் வேணும்ல? முப்பத்தொரு வருஷமா நான் கட்டுப் போடறேன், ஒண்ணாவது தானா போட்டுக்கிட்டதில்ல."

முப்பத்தேழை மறுபடி புரட்டினேன். சுரங்கத்தில் ஒரே இருட்டு. எல்லோரும் மாறுவேஷம். அத்தியாயம் முழுக்க "அந்த வாலிபன்", "முக்காடிட்ட உருவம்", "அரசகுமாரி", அவ்வளவுதான், ஒருவருக்கும் பெயர் இல்லை. கடைசியில் அரசகுமாரி, "இனி இந்த வாசலில் உமது நிழலும் படக் கூடாது!" என்று துரத்துகிறாள். அவன் திரும்பிப் பாராமல் போகிறான். அடுத்த வாரம் பார்த்தால் படகு, மடி, கட்டு.

"இது இந்தக் கதையே இல்ல அக்கா. அந்தக் குதிரைக்காரன் கதையோட முப்பத்தேழு. தலைப்பு இல்லாததால பைண்டர் மாத்தித் தைச்சுட்டான். நாற்பத்திரண்டு வருஷமா உங்களுக்குத் தெரியலையா?"

அக்கா சுவரைப் பார்த்துக் கொண்டே, ஆபரேட்டர் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். முப்பத்தேழாவது வாரம் பத்திரிகை வந்தபோது அவர் காய்ச்சலில் கிடந்தார். தோழி போனில் கதை சொன்னாள்: இளவரசி அவன் காயத்துக்குக் கட்டுப் போட்டாள், காத்திருப்பதாகச் சத்தியம் செய்தாள் என்று. பைண்ட் ஆகி வந்த புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தது. அச்சில் இருப்பதைத்தான் இவர் நம்பினார்.

"அந்த வருஷம் எக்ஸ்சேஞ்சுல ஒரு லைன்மேன் இருந்தார். கட்டிக்கறேன்னு வந்து கேட்டார். எனக்கும் இஷ்டம்தான்."

"அப்புறம்?"

"இனிமே இந்தப் பக்கம் உங்க நிழல்கூட விழக் கூடாதுன்னு சொன்னேன்."

"எதுக்கு?"

"போன்னு சொன்னா அடுத்த அத்தியாயத்துல வந்துடுவாங்கன்னு நெனச்சேன்."

"வந்தாரா?"

"நல்ல பையன் நர்ஸம்மா. சொன்ன பேச்சைக் கேட்டான். மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டான்."

இப்படியும் ஒரு மனுஷி என்று நினைத்தேன். லைன்மேன் மாற்றலாகிப் போன அதே வாரம் தோழி, "நான்தான் சொன்னேனே, அந்த இளவரசி துரத்தவே இல்லடி" என்றிருக்கிறாள். வெந்த புண்ணில் வேல். பொறாமையில் கதை கட்டுகிறாய் என்று இவர் கத்த, பேச்சு நின்றது. ஜன்னல் மூடியது.

"அப்போ அவ சொன்னது நெஜமா?" என்று கேட்டார் அக்கா.

"அவங்க புஸ்தகத்தைப் பாத்தாத்தான் தெரியும்."

"நீங்க போய் வாங்கிட்டு வாங்களேன்."

"அது என் வேலைல இல்ல."

"சரி, போன் பண்ணலாம்."

"பண்ணுங்க."

யோசித்தார். "வேண்டாம். லைனைக் கட் பண்றதுல அவ என்னைவிடக் கெட்டிக்காரி. அதுக்குத்தான் அவளை சூப்பர்வைசர் ஆக்கினாங்க."

ஞாயிறு காலை பத்து மணிக்கு அக்கா தலை வாரிக் கொண்டு, "பட்டையைக் கட்டுங்க" என்றார். இடுப்பில் பிடிமானப் பட்டையைக் கட்டினேன். வாசற்படியில் ஒரு நிமிடம் நின்றார். "இறங்கும்போது அடிபட்ட கால் முதல்ல" என்றேன். இறங்கினார். முற்றத்தைத் தாண்ட எழுபத்திரண்டு அடி. நடுவில் இரண்டு தடவை நின்று, வானத்தைப் பார்ப்பது போல மூச்சு வாங்கினார். இரண்டாம் பாகத்தை நான் சுமந்தேன். சண்டையைச் சுமக்கவில்லை.

கதவு நாங்கள் போவதற்கு முன்பே திறந்துவிட்டது. ஜன்னல் அந்தப் பக்கமும் இருக்கிறதே.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார் சூப்பர்வைசர். ஒல்லியான உடம்பு, மூன்றாம் மாடிக்குக் கேட்கும் குரல்.

"உன் வீட்டுப் படி உசரம்டி."

"நாப்பத்திரண்டு வருஷமா அதே படிதான்."

"ஏறும்போது நல்ல கால் முதல்ல" என்றேன் நான். சண்டை படியில் நடந்தால் இன்னொரு இடுப்பும் போகும்.

உள்ளே உட்கார்ந்ததும் அக்கா நேராகக் கேட்டார். "உன் குதிரைக்காரன் எங்க?"

சூப்பர்வைசர் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "அந்த அலமாரி ஆடிக்கிட்டே இருந்துது."

பார்த்தேன். துணி அலமாரியின் முன்கால் ஒன்றுக்கு அடியில் சிவப்பு பைண்டிங்.

"படிக்கவே இல்லையா நீ?"

"வாரா வாரம்தான் படிச்சாச்சே! ஒரு தடவை விட்டவன் கைய மறுபடி எவளாவது புடிப்பாளா?"

மூன்று கிழவிகள் சேர்ந்தும் அலமாரி அசையவில்லை. அந்த நேரம் வாசலில் தம்பி, வேர்த்து விறுவிறுத்து, கையில் ஓர் உறையோடு நின்றார்.

"அக்கா! கட்டில் காலியா இருக்கு, நான் பயந்தே போயிட்டேன். எப்படி வந்தீங்க?"

"நடந்துதான். நீ பல்லக்கா அனுப்பின? வா, இந்த அலமாரியைக் கொஞ்சம் தூக்கு."

அவர் உறையை மேசைமேல் வைத்துவிட்டுத் தூக்கினார். நான் புத்தகத்தை உருவினேன். பென்சிலில் 37 என்று எழுதியிருந்த இடத்தைப் பிரித்துப் படித்தேன். இளவரசி அம்பைப் பிடுங்குகிறாள், பிடுங்கவே கூடாது. ஆற்றுத் தண்ணீரில் கழுவுகிறாள், அதுவும் தப்பு. நீலப் பட்டைக் கிழித்துக் கட்டுகிறாள். "எத்தனை காலமானாலும் காத்திருப்பேன்" என்கிறாள். யாரையும் துரத்தவில்லை.

"சொன்னேன்ல?" என்றார் சூப்பர்வைசர்.

"சொன்ன. சொன்ன விதம் சரியில்ல." என்றார் அக்கா. "கேக்காதவ நான்தான். அது வேற."

சூப்பர்வைசர் அவர் கையைப் பிடித்தார். அந்த மாதிரிக் காட்சிகளில் எனக்கு வேலை இல்லை. பைண்டரிடம் கொடுத்து இரண்டு முப்பத்தேழையும் இடம் மாற்றித் தைத்துவிடலாம் என்றேன்.

"வேண்டாம்" என்றார் அக்கா. "கட்டுப் போடறதை நர்ஸம்மா தினம் செய்யறாங்க, அதுல என்ன இருக்கு? என்னோடதுதான் நல்ல அத்தியாயம்."

இவ்வளவு நேரமும் தம்பி அலமாரியைத் தூக்கிப் பிடித்துக் கொண்டே நின்றார். "எதையாவது வைங்களேன், கை போகுது!"

சூப்பர்வைசர் சுற்றிலும் பார்த்தார். மேசைமேல் இருந்த உறையை எடுத்தார். உள்ளே இல்லத்தின் விண்ணப்பமும், வழுவழுப்பான படங்கள் போட்ட விளக்கப் புத்தகமும் இருந்தன. நான்காக மடித்து அலமாரிக் காலின் அடியில் செருகினார்.

"இறக்குப்பா."

இறக்கினார். அலமாரி ஆடவில்லை.