ஜெராக்ஸ் கடை அக்காவின் பூனைக்கண் அவரை

அவரைக் கொட்டையைக் கடைவாய்ப் பல்லுக்கு அடியில் வைத்து அழுத்திப் பார்க்கிறாள் ஜெராக்ஸ் கடை அக்கா. பல் பதிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, திரும்பவும் முறத்துக்குப் போக வேண்டும். வழுக்கினால் புட்டிக்குப் போகலாம். இந்தப் பக்கம் இயந்திரம் தாளைக் கக்கிக்கொண்டிருக்கும். கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்று கேட்பாள்.

"வாயில என்னக்கா, மிட்டாயா?"

"விதைப்பா. உனக்கு வேணும்னா சொல்லு, துப்பித் தரேன்."

மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக் கடை முழுக்கத் தேடுவாள். விரல் நுனியில் எப்போதும் மை இருக்கும். ஆதார் அட்டையோ ரேஷன் அட்டையோ, கெட்டுப்போன நகல் தாள் எதையும் எறிய மாட்டாள். பெயரும் எண்ணும் விழுந்த பகுதியைக் கிழித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை மடித்துப் பொட்டலமாக்கி அதில் அவரை விதை கொடுப்பாள். அதனால் அந்தத் தெருவில் பாதிப் பேர் வீட்டில் யாரோ ஒருவருடைய இடது காதும் பாதித் தாடையும் உள்ள பொட்டலம் ஒன்று இருக்கும்.

அவள் கொடுப்பது பூனைக்கண் அவரை. பால் வெள்ளைக் கொட்டை, நடுவில் ஒரு கறுப்புக் கண். அது பார்க்கிற மாதிரியே இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் பக்கத்து வீட்டுத் தபால்காரர் ஒரு பிடி கொடுத்தார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். எங்கே இருக்கிறாரோ, கடவுளுக்குத்தான் தெரியும். விதைக்கடையில் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். இரண்டு கை மண்ணும் ஏறிப் படர ஒரு கம்பியும் இருந்தால் போதும், ஒரு குடும்பத்துக்குக் காய்த்துத் தள்ளும்.

காசு வாங்க மாட்டாள். ஒரே ஒரு நிபந்தனைதான். "நல்லா தின்னுங்க, நாலு பேருக்குக் காய் கொடுங்க. ஆனா விதைக்குன்னு விடாதீங்க. உங்க மாடியில பல அவரை சேந்து பூக்கும், தேனீ கலந்து விட்டுடும். அப்புறம் கொட்டையில கண்ணு கலங்கிப் போயிடும். அடுத்த வருஷத்துக்கு நான் இருக்கேன், என்கிட்ட வந்து வாங்கிக்கங்க." அதற்காகத்தான் தன் மாடியில் வேறு அவரையே வைக்கவில்லை. "எங்க அண்ணியோட பேங்க்ல எடுக்க மட்டும்தான் முடியும், போட முடியாது" என்று கொழுந்தன் கிண்டல் செய்வான். அவள் சிரித்துக்கொள்வாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, இல்லாமலா?

இந்த வருஷமும் கும்பிட்டுவிட்டுத்தான் புட்டியைத் திறந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். மிச்சத்தைத் தன் தொட்டிகளில் ஊன்றினாள். அடியில் கொஞ்சம் புட்டியிலேயே கிடந்தது.

முதலில் வந்தவர் சலவைக்கடைக்காரர். "அக்கா, ஒண்ணுகூட எட்டிப் பாக்கலியே."

"தண்ணிய ஊத்தி ஊத்தி மூழ்கடிச்சிருப்பீங்க. நீங்க துணி அலசுற ஆளாச்சே."

அடுத்து நர்ஸ். "எனக்கும் வரலக்கா."

"ஆழமா போட்டிருப்ப. விதையப் புதைக்கலாமாடி? போத்தி விடணும்."

மூன்றாவதாக வந்த தையற்காரம்மாவிடம் எலி என்றாள். நான்காவது ஆளிடம், "விதை பொய் சொல்லாது, கைதான் பொய் சொல்லும்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். அந்த ஆள் முகம் செத்துத் திரும்பிப் போனார். தையற்காரம்மா மட்டும் போகவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"அது சரி அக்கா, உங்க தொட்டியில வந்துச்சா?"

அக்கா மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தாள். மழை மூட்டமாக இருந்ததால் ஒரு வாரமாக மாடிக்கே போகவில்லை. அதுதான் தானாக வருமே என்று இருந்துவிட்டாள்.

கரண்டியை எடுத்துக்கொண்டு ஏறினாள். தொட்டிகள் மொட்டையாகக் கிடந்தன. முதல் தொட்டியில் கிளறியதும் விதை முழுசாக வந்தது. ஊதிப் பருத்திருந்தது. முளை இல்லை. இரண்டு விரலால் நசுக்கினாள், கொழகொழவென்று சாம்பல் நிறத்தில் பிதுங்கி நாறியது. அடுத்த தொட்டி. அதற்கடுத்தது. கறுப்புக் கண்கள் மட்டும் அப்படியே அவளைப் பார்த்தன. 

கீழே வந்து புட்டியைக் கவிழ்த்து ஒரு கொட்டையைக் கத்தியால் பிளந்தாள். உள்ளே வெண்ணெய் நிறம் இருக்க வேண்டும். ரொட்டியின் ஓரம் போலப் பழுப்பாக இருந்தது.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலைச் சவாரியை முடித்துவிட்டு வந்து வேட்டி மடித்துக் கட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, இந்தப் புட்டிய யாராவது தொட்டாங்களா?"

"ஏன், நான்தான் தொட்டேன். நீ நம்ம பொண்ணு பிரசவத்துக்குப் போயிருந்தியே, அப்ப ஒரு வண்டு ஓடிச்சு. விடுவனா? சட்டியில போட்டு லேசா ஒரு புரட்டு புரட்டி எடுத்தேன். ரவைக்கு நீ செய்வியே, அதே மாதிரிதான். பாரு, அப்புறம் ஒரு வண்டு வந்திருக்கா?"

அவர் முகத்தில் பாராட்டை எதிர்பார்க்கிற வெளிச்சம்.

"எல்லாத்தையுமா?"

"பாதிய விட்டா அதுலேர்ந்து ஏறிடாதா?"

"சொல்லவே இல்லியே."

"அரிசியில கல்லு பொறுக்கினா வந்து சொல்லிக்கிட்டா இருக்கோம்?"

அவள் திட்டவில்லை. பிளந்த கொட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வேனில் அத்தனை பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்விடுகிற மனிதர். வெளிச்சம் மெல்ல அணைந்தது.

"கொன்னுட்டனாம்மா?"

"ஆமாங்க."

வண்டிடமிருந்து காப்பாற்றத்தான் செய்தார், பாவம்.  ஆனால் அதைவிடப் பெரிய இடி கொஞ்சம் பொறுத்துத்தான் விழுந்தது. ஒரு சட்டி சூடு பட்டதும் பூனைக்கண் உலகத்திலேயே இல்லாமல் போகும்படி அத்தனையையும் ஒரே புட்டியில் வைத்தது யார்? யாரும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னது யார்? தெய்வமே என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினாள். வீட்டுக்காரர் வேனை எடுத்தார்.

"போன வருஷக் கொட்டை ஏதாச்சும் இருக்கா?" என்று சலவைக்கடைக்காரரிடம் கேட்டாள்.

"நீங்கதான வைக்காதன்னீங்க? உங்க பேச்சை நான் மீறுவனா?"

நர்ஸும் அதையேதான் சொன்னாள். "சத்தியமா வைக்கலக்கா, வேணும்னா டப்பாவைத் திறந்து பாருங்க." தன் பேச்சை இப்படி மதித்தார்களே என்று சந்தோஷப்பட வேண்டியவள், ஒவ்வொரு வாசலிலும் அறை வாங்கியவள் போலத் திரும்பினாள். தையற்காரம்மா வீட்டிலும் கொட்டை இல்லை. விதை பொய் சொல்லாது என்று யாரிடம் சொன்னாளோ, அவரிடம் மன்னிப்புத்தான் கேட்க முடிந்தது.

கடைசியில் தெரு முனையில் இருக்கிற மருந்துக்கடை. அங்கே வேலை செய்கிற, முன்பு விதை வாங்கிப்போன பெண் கேள்வியைக் கேட்டதும் மருந்துச் சீட்டைப் பார்க்கிறவள் போலக் குனிந்துகொண்டாள்.

"இல்லக்கா."

"பரவால்லம்மா."

அக்கா படி இறங்கப் போனாள். அவள் தோள் தொங்கிய தொங்கலைப் பார்த்தோ என்னவோ, பின்னாலிருந்து குரல் வந்தது.

"அக்கா… திட்ட மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்."

"சொல்லுடி."

"மூணு வருஷமா நானே விதைக்கு விட்டுத்தான் போடுறேன். சும்மா சும்மா வந்து கேக்க வெக்கமா இருந்துச்சு. பக்கத்து மாடியில செவப்பு அவரை வேற இருக்கு, கலந்துடுச்சு. நீங்க பாத்தா கொன்னுடுவீங்கன்னு…"

"எடும்மா அதை!" அக்கா போட்ட சத்தத்தில் மருந்து வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு மாத்திரை டப்பா வந்தது. கண்ணாடி மேசையில் கொட்டினாள். சிலது சிவப்பு, சிலது அழுக்கு வெள்ளை; பலவற்றில் கண் கலங்கி மை கொட்டியது போல இருந்தது. போன மாதமாக இருந்தால் அக்கா இதைத் தொட்டிருக்கவே மாட்டாள். இப்போது ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சிவப்புக்கு நடுவில் ஒன்று, பால் வெள்ளையாக, தெளிந்த கறுப்புக் கண்ணோடு. இன்னொன்று. இன்னும் ஒன்று.

"ஐயோ, இருக்குடி," என்றாள். 

"எல்லாத்தையும் எடுத்துக்கங்கக்கா. நல்லதையெல்லாம் உங்ககிட்டயே பத்திரமா வெச்சுக்கங்க. எனக்கு எதுக்கு?"

வெளியே வேனிலிருந்து வீட்டுக்காரர் இறங்கவில்லை. கழுத்தை மட்டும் நீட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா தெளிந்த கண்களை ஒரு பக்கம் ஒதுக்கினாள். கலங்கியவற்றை வழித்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து, ஒதுக்கி வைத்த அந்த நல்ல கொட்டைகள் அத்தனையையும் அவள் உள்ளங்கையில் போட்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். "ஒரே புட்டியில வெச்சுத்தான் அத்தனையும் போச்சு. நீயும் விதைக்கு விடு, நாலு பேருக்கும் விதைக்குன்னே கொடு" என்றாள்.